சுவெட்டரைத் தேடி வந்த பூச்சிகள்

என் மேல் பெண் வாடை அடிக்கும். கல்யாணமான புதிதில் இதை மனைவிக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பெண் என்றால் பெண் அந்துப்பூச்சி. தேயிலைக் கொழுந்தைச் சுருட்டித் தின்னும் புழு ஒன்று வளர்ந்து அந்துப்பூச்சியாகிறது. இருட்டத் தொடங்கியதும் பெண் பூச்சி ஒரு வாசனையை விடும். மனித மூக்குக்கு அது எட்டாது. ஆண் பூச்சிக்கோ உணர்கொம்பில் துளி பட்டால் போதும், சகலத்தையும் மறந்து பறந்து வரும். அந்த வாசனையைச் செயற்கையாகக் கலந்து, சின்ன ரப்பர் மூடிகளில் ஏற்றி, ஒட்டுத்தாள் வைத்த பொறிக்குள் தொங்கவிடுவதுதான் பேராதனையில் என் ஆராய்ச்சி. காதலை நம்பி வருகிறவை பசையில் ஒட்டிச் சாகும். இதற்குத்தான் சம்பளம்.

ஆய்வுகூடத்தின் குளிரூட்டிய அறையில் நான் போடும் சாம்பல் நிறச் சுவெட்டரில் அந்த வாசனை ஊறிவிட்டது. துவைத்தாலும் லேசில் போகாது. அப்பாவின் கருமாதிக்குப் புசல்லாவைத் தோட்டத்துக்குப் போனபோதும் குளிருக்கு அதைத்தான் எடுத்துப்போனேன்.

பொழுது சாய்ந்ததும் படையல் போட்டு, அப்பாவின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் லயத்து வீட்டை ஒட்டியே தேயிலை மலை. திறந்திருந்த கதவு வழியாக ஒரு பூச்சி வந்தது. விளக்கை ஏறெடுத்தும் பார்க்காமல் என் தோளில் உட்கார்ந்தது. பிறகு இன்னொன்று. பிறகு ஐந்தாறு.

"யாரும் அடிச்சிறாதீங்க," என்றாள் அம்மா. "அவருதான் வந்துருக்காரு."

அம்மா என் தோளைப் பார்த்துக் கைகூப்பினாள். சொந்தக்காரர்களும் கைகூப்பினார்கள். அப்பா சிறகை நடுக்கிக்கொண்டு, வாலை வளைத்து வளைத்து என் தோளில் என்ன செய்யப் பார்த்தார் என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆய்வுக் கட்டுரையில் எழுதலாம், அம்மாவிடம் சொல்ல முடியாது. சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அது தானாகவே போய்விட்டது.

படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டவர் அண்ணன். அதற்காகக் கொழும்பில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவர். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பிள் வாங்கிக்கொண்டு போவேன். அப்பாவுக்குப் பல் இல்லை என்பதை ஒவ்வொரு முறையும் அங்கே போய்த்தான் புதிதாகக் கண்டுபிடிப்பேன்.

அண்ணன் எழுந்து வாசலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"மோண்டதையும் பேண்டதையும் நான் அள்ளுனேன்," என்றார். "வந்தது ஒங்கிட்ட."

"அண்ணே, அது அப்பா இல்லண்ணே. இந்தச் சுவெட்டர்ல பொம்பளப் பூச்சி வாசம் இருக்கு. அதுக்குத்தான் வருது."

என் கையைப் பிடித்து இழுத்து மோந்து பார்த்தார். "ஒரு வாசமும் இல்லியே."

"அது மனுசனுக்குத் தெரியாதுண்ணே."

"எனக்கு ஆறுதல் சொல்றேன்னு கதை விடாத தம்பி. படிச்ச மகனத் தேடி வந்துட்டாரு. விடு."

கருத்தரங்குகளில் எத்தனையோ பேரை நம்பவைத்திருக்கிறேன். நான் கண்டுபிடித்த உண்மை ஒரு மனிதனுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது அன்றைக்கு மட்டும்தான். அன்றைக்குப் பார்த்து அது எடுபடவில்லை.

சுவெட்டரைக் கழற்றி நீட்டினேன். "குளுருது, போட்டுக்கங்கண்ணே."

வேண்டாவெறுப்பாகக் கைகளை நுழைத்தார். அவருக்கு அது இறுக்கமாக இருந்தது. எழும்பிப் பறந்த பூச்சிகள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவர் நெஞ்சில் வந்து உட்கார்ந்தன. தேயிலைப் பக்கமிருந்து இன்னும் சில வந்தன. எதுவும் நசுங்கிவிடக் கூடாதென்று அண்ணன் கைகளை அகற்றிப் பிடித்துக்கொண்டு ஆடாமல் நின்றார்.

"அப்பா," என்றார். "குளுருதாப்பா?"

பிறகு அழுதார். நானும் அழுதேன். எல்லாம் தெரிந்துகொண்டேதான் அழுதேன்.

சுவெட்டரை அண்ணன் திருப்பித் தரவில்லை. துவைக்கவும் இல்லை. மாலையானால் அதைப் போட்டுக்கொண்டு வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்துவிடுகிறார் என்று அம்மா சொன்னாள். சில மாதங்கள் கழித்து அவரே போன் எடுத்தார்.

"தம்பி, அப்பா இப்பல்லாம் சரியா வர்றதில்ல. எம்மேல ஏதும் கோவமா இருக்குமோ?"

வாசனை எவ்வளவு காலம் துணியில் நிற்கும் என்பதும் என் ஆராய்ச்சியில் அடக்கம். பதில் நாக்கு நுனி வரை வந்தது.

"அதெல்லாம் இருக்காதுண்ணே," என்றேன். "ஞாயித்துக்கெழம வர்றேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை புசல்லாவை பஸ்ஸில் ஏறும்போது என் கையில் அப்பிள் இல்லை. சட்டைப்பையில் ஒரு ரப்பர் மூடி இருந்தது.