மருந்தை நிறுத்தச் சொன்னவன் நான்

சின்னுசாமி போய்விட்டான். நேற்று மத்தியானம், ஆட்டையாம்பட்டியில், அவன் வீட்டிலேயே...

பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்து சொன்னார். எனக்குத் தொண்ணூற்றேழு நடக்கிறது, அவனுக்கும் அதேதான். வயசாகிவிட்டதே என்று தயவுசெய்து யாரும் கமெண்ட் போடாதீர்கள். எரிச்சலாக வருகிறது.

இந்தப் பெயரை உங்களில் ஒருத்தரும் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அதற்குக் காரணம் நான். அதைச் சொல்லத்தான் இந்த போஸ்ட்.

யுத்தம் முடிந்த சமயம். சூரமங்கலத்தில் ரயில்வே ஆபீசில் நான் சின்ன கிளார்க். நாலைந்து நண்பர்கள் சேர்ந்து கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். ஒரே ஒரு காப்பி, கை மாறிக் கை மாறிப் போகும். படித்தவர்கள் அபிப்பிராயம் எழுதக் கடைசியில் சில பக்கம் காலியாக விடுவோம்.

அதற்குத்தான் சின்னுசாமி கதை அனுப்பினான். தறி நெய்கிறவன், எட்டாவது வரை படித்தவன். சந்தையில் காய் விற்கிற ஓர் ஊமைப் பெண்ணின் கதை. வாயே திறக்காமல் ஊரையே திட்டித் தீர்ப்பாள்... நாங்கள் எழுதியதையெல்லாம் கிழித்துப் போடலாம் போல இருந்தது. பொறாமையாகவும் இருந்தது, மறைப்பானேன்.

அவனுக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு. சேலத்து டாக்டர் ஒருவர் புரோமைடு மிக்சர் கொடுத்துவந்தார். ஒரு வேளைக்கு எவ்வளவு என்று பாட்டிலின் பக்கத்தில் காகிதம் ஒட்டி அடையாளம் வெட்டியிருக்கும். அவன் அம்மா தினமும் அதைப் பார்ப்பாள்.

மருந்து குடித்தால் வலிப்பு வராது. ஆனால் கதையும் வராது.

"மண்டைக்குள்ள ஈரத்துணியப் போட்டாப்பல இருக்குதுங்க கிளார்க்கு. வார்த்தை கிட்டக்க வருது, புடிக்கப் போனா போயிருது" என்பான். ஒரே வயசுதான், ஆனாலும் கடைசிவரை என்னிடம் 'ங்க' போட்டுத்தான் பேசினான்.

அந்த ஊமைப் பெண் கதையை நான் ஒரு மெட்ராஸ் பத்திரிகைக்கு அனுப்பினேன். பதில் கார்டு வந்தது. இது ரொம்பச் சிறியது, தீபாவளி மலருக்குப் பெரியதாக ஒன்று உடனே அனுப்பினால் போடுகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

கார்டை எடுத்துக்கொண்டு சைக்கிளில் பறந்தேன். எத்தனை தடவை படித்தானோ! "அச்சுலயேங்களா? என்ற பேரு போட்டுங்களா?"

அப்புறம் முகம் சுருங்கிப்போயிற்று. "முடியாதுங்க. இந்த மருந்தக் குடிச்சுப்போட்டு நாலு வரிக்கு மேல ஓட மாட்டீங்குது."

"ஒரு வாரம் நிறுத்திப் பாருப்பா. ஒரு வாரத்துல என்ன ஆயிரப் போகுது?" என்றேன்.

டாக்டருக்குப் படித்தவன் மாதிரி சொன்னேன். புத்தி கெட்டவன்.

வேளைக்கு வேளை மருந்தைச் சாக்கடையில் ஊற்றினான். பாட்டிலில் மட்டம் சரியாக இறங்கியதால் அம்மாவுக்குச் சந்தேகமே வரவில்லை. ஆறே நாளில் கதை முடிந்துவிட்டது என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய்விட்டேன். தெருவில் பாவு போட்டிருந்தார்கள். நெய்வதற்கு முன்னால் நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவுவார்கள், தெருவே கூடி நிற்கும். நூலுக்கு கண்ட்ரோல் இருந்த காலம், ரேஷனில் அளந்துதான் கிடைக்கும். ஒரு பாவு வீணானால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

சின்னுசாமி என்னைப் பார்த்துவிட்டான். கதைத் தாள்களைத் தூக்கிக் காட்டிக்கொண்டே ஓடிவந்தான். அப்படி ஒரு சிரிப்பை அவன் முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

பாதித் தெருவில் வலிப்பு வந்துவிட்டது...

அடுத்த வீட்டுக்காரரின் பாவு மேலேயே விழுந்தான். கையும் காலும் வெட்டி இழுத்ததில் நூல் அறுந்து அவனைச் சுற்றிக்கொண்டது. யாரோ இரும்புச் சாவியைக் கொண்டுவந்து கையில் திணித்தார்கள். தாளெல்லாம் கஞ்சிக்குள். மசி கரைந்து ஓடிவிட்டது.

அவன் தங்கை பாவாயிக்கு ராசிபுரத்தில் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். வீட்டில் வலிப்பு நோய் இருப்பதை மாப்பிள்ளை வீட்டில் சொல்லவில்லை. தெருவும் வாயை மூடிக்கொண்டிருந்தது. பாவு போன ஆத்திரத்தில் அடுத்த வீட்டுக்காரர் ராசிபுரத்துக்கே ஆள் விட்டுச் சொல்லிவிட்டார். கல்யாணம் நின்றுபோயிற்று.

மருந்தை நிறுத்தச் சொன்னது நான்தான் என்று அவன் அம்மாவிடம் சொல்லத்தான் போனேன். வாசலில் நின்றேன். உள்ளே அவள் அவன் கையைப் பிடித்துப் பாவாயி தலைமேல் வைத்திருந்தாள்.

"இனிமே பேனாவத் தொட மாட்டேன்னு சொல்லு சாமி. இவ தலமேல அடிச்சுச் சொல்லு."

சொன்னான். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான். கதை எழுத மருந்தைக் கொட்டியதை ஒப்புக்கொண்டவன், என் பெயரை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பேடி மாதிரி சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

பாவாயிக்கு அப்புறம் கல்யாணமே ஆகவில்லை. அண்ணனும் தங்கையும் அதே வீட்டில் கிழமானார்கள். எனக்கு ஊர் ஊராக டிரான்ஸ்பர். எப்போதாவது பார்க்கப் போனால் மழை, நூல் விலை, முழங்கால் வலி... இதுதான் பேச்சு.

பாவாயி செத்து வருஷக்கணக்காகிவிட்டது. அதற்கப்புறம் ஒரு தடவை கேட்டேன். "இனியாவது எழுதேம்ப்பா. இப்பதான் நல்ல மாத்திரையெல்லாம் வந்துருச்சே."

"டீ குடிக்கறீங்களா கிளார்க்கு?" என்று எழுந்து போய்விட்டான்.

நேற்று போனில் பேசியபோது அந்தப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவன் ஏதாவது எழுதிவைத்திருக்கிறானா, பழைய நோட்டு, துண்டுக் காகிதம் எதுவானாலும் எடுத்துவையுங்கள் என்று.

அவருக்குப் புரியவில்லை. "அவுருக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்களே... பென்ஷன் வாங்கறதுக்கே கைநாட்டுத்தானுங்க வெப்பாரு."

சரிங்க என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

இன்று காலையில் எடுத்துவிட்டார்களாம். போக என் உடம்பில் தெம்பு இல்லை.

போய் வாப்பா, சின்னுசாமி...