போர்வெல்லுக்குக் கேட்ட பூவும் நான் போட்ட கையெழுத்தும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருடமாக யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். முருகன் பெயரால் எனக்கு ஒரு பெருமை வந்து ஒட்டிக்கொண்டது. அதை உரித்துப்போட மனசு வரவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிணத்துக்கடவுப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு. அப்பா காலத்திலிருந்து ஒரே தேசியக் கட்சி. அந்தக் கட்சிக்கு அகில இந்தியத் தலைவர் தேர்தல் வந்தது. இரண்டு பேர் போட்டி. வேட்பாளரை முன்மொழிந்து மனுவில் பிரதிநிதிகள் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் வட்டாரத்துப் பிரதிநிதி நான்.

போட்டியிட்ட இருவரில் ஒருவரை எனக்குப் பிடிக்கும். வடக்கத்திக்காரர். ஒருமுறை எங்கள் பக்கம் வந்தபோது, தேங்காய் விலை பற்றி நாங்கள் புலம்பியதையெல்லாம் மட்டைக் குவியல் மேல் உட்கார்ந்து கேட்டார். "எனக்கு இது தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்" என்றார். கூட வந்தவர் அதைத் தமிழில் சொன்னார். தெரியாது என்று சொன்ன அரசியல்வாதியை அன்றுதான் பார்த்தேன். சொன்னபடி கடிதமும் வந்தது. நீங்கள் கேட்டது இப்போதைக்கு நடக்காது, காரணம் இது என்று எழுதியிருந்தார். ஒளிக்காமல் சொன்னாரே என்று அதைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்தேன்.

சங்கடம் என் மகளின் மாமனாரால் வந்தது. அவர் கோபிசெட்டிபாளையத்துக்காரர், அதே கட்சி, ஆனால் மற்ற வேட்பாளர் பக்கம். "சம்பந்தி, நம்ம ரெண்டு பேரு கையெழுத்தும் ஒரே தாளுல இருக்கோணுமுங்க" என்று போனில் சொல்லிவிட்டார். மீறினால் அங்கே வாழும் என் பெண்ணிடம் முகம் கொடுத்துப் பேசுவாரா என்று எனக்குப் பயம்.

முருகனையே கேட்டுவிடலாம் என்று நானும் மனைவியும் மலைக்கோயிலுக்குப் போனோம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி காலடியில் வைப்பார்கள். பூசாரி ஒன்றை எடுத்துத் தருவார். வெள்ளை என்றால் செய்யலாம், சிவப்பு என்றால் கூடாது.

"நெனச்சுக்குங்க" என்றார் பூசாரி. கண்ணை மூடினேன்.

காதோரமாக மனைவி, "ஏனுங்க, மொதல்ல போர்வெல் போடலாமான்னு கேளுங்க. உங்க தலைவரா வந்து தென்னைக்குத் தண்ணி கட்டப்போறாரு?" என்றாள்.

என்னையறியாமல் அதையே கேட்டுவிட்டேன். வெள்ளை வந்தது.

"இன்னொன்னு கேக்கலாமுங்களா?"

"ஒரு ஊட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு பூத்தானுங்க" என்று பூசாரி திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலையில் மனு கிளம்புகிறது. படி இறங்கும்போது அந்தக் கடிதம் நினைவுக்கு வந்தது. சாயங்காலமே கட்சி ஆபீசில் எனக்குப் பிடித்தவருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அடுத்த கூட்டத்தில், நாலு பேர் முன்னால் சம்பந்தி பிடித்துக்கொண்டார். "யாரைக் கேட்டுங்க போட்டீங்க?"

"மலைக்குப் போயி பூக் கேட்டேனுங்க. வெள்ளை வந்துச்சுங்க."

தனித்தனியாக இரண்டும் உண்மை. சேர்த்துச் சொன்னது பொய். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, மலை இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டார். "சாமியே சொன்னதுக்கப்பறம் நான் எதுக்குங்க குறுக்க நிக்கோணும்?"

அப்புறம் அது என் பேச்சாக இல்லை. முருகன் கனவில் வந்தான் என்றார் ஒருவர். பூசாரியே வேட்பாளர் பெயரைச் சொன்னார் என்றார் இன்னொருவர். கடைசியில் நான் கையெழுத்துப் போட்டவர் தோற்றுப்போனார். போர்வெல்லில் மட்டும் தண்ணீர் பீய்ச்சியடித்தது. "சாமி பூவும் பொய்யாப் போச்சே" என்று டீக்கடையில் யாரோ சொன்னது, இத்தனை வருடமும் என்னை அறுத்துக்கொண்டிருந்தது.

போன மாதம் பேத்தியின் காதுகுத்தில் சம்பந்தியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் இலையில் வைத்த கையை எடுக்காமல் என்னையே பார்த்தார்.

"அப்ப நான் செருப்பைக் கழட்டிக் கும்புட்டது உங்க போர்வெல்லுக்குங்களா?"

"மன்னிச்சுப்போடுங்க சம்பந்தி."

"அது கெடக்குதுங்க. எனக்கும் தோட்டத்துல ஒரு போரு போடோணும். எப்பங்க மலைக்குப் போலாம்?" என்று சிரித்தார். பக்கத்தில் பரிமாறிக்கொண்டிருந்த என் மகளும் சிரித்துவிட்டாள்.

படிப்பவர்கள் இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். முருகன் வெள்ளை கொடுத்தது போர்வெல்லுக்கு, தண்ணீரும் வந்தது. தலைவர் தேர்தலுக்குக் கையெழுத்துப் போட்டது நான். அவர் மறுபடி நின்றாலும் போடுவேன்.