என் காதுக்குக் கிடைத்த நற்சான்று

பொழிச்சலூரில் எங்கள் வீட்டுக்கு மேலே தாழப் பறக்கும் விமானம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. குக்கர் விசில் கேட்காது. என் மனைவி பக்கத்தில் நின்று பேசினால் பாதி விழும். உள்ளிருந்து கூப்பிட்டால் ஒன்றுமே விழாது. இந்தப் பாழாய்ப்போன நிலைமையை நானேதான் தேடிக்கொண்டேன்.

தாம்பரம் பக்கம் ராணுவத்துக்கான ஒலி ஆய்வுக்கூடம் ஒன்றில் டெக்னீஷியனாக இருந்தேன். அங்கே இரண்டு அறைகள். ஒன்றில் சுவர், கூரை, தரை எல்லாம் கூர்கூரான ஸ்பாஞ்சு. கை தட்டினால் எதிரொலி வராது. இன்னொன்றில் ராட்சதக் குழல்களை அலறவிட்டு, ராணுவக் கருவிகள் அந்த அதிர்வைத் தாங்குகின்றனவா என்று பார்ப்போம். கதவுக்கு வெளியே நின்றாலும் காதுக் கவசம் கட்டாயம். ஆனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கவசத்தை ஒரு பக்கம் விலக்கி, எந்த ஸ்க்ரூ ஆடுகிறது என்று காதாலேயே சொல்லிவிட வேண்டும். மீட்டரைப் பார்த்துச் சொல்கிறவனை ஆளாகவே மதிக்க மாட்டோம். "மச்சான், உன்னுது காது இல்லடா, மெஷின்!" என்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

வருடா வருடம் காதுப் பரிசோதனை உண்டு. ஹெட்போனில் ஒலி வந்தால் பட்டனை அழுத்த வேண்டும். கருவி தானாக ஓடும். அதைச் சரிபார்த்துக் கொடுப்பவன் யார்? நான்தான். எந்த ஒலிக்குப் பின் எது, எத்தனை நொடி இடைவெளி, எல்லாம் மனப்பாடம். கீச்சொலிகள் கேட்காமல் போகத் தொடங்கிய வருடம், மனசுக்குள் எண்ணிக்கொண்டே அழுத்தினேன். தோற்றால் ஸ்டோரில் உட்கார வைத்துவிடுவார்களே! ரிடையர் ஆகும் வரை அப்படியே ஓட்டினேன்.

மனைவி ஸ்கூல் டீச்சர். "ஏங்க, எத்தன தடவ கூப்புடுறது? ஒரு டாக்டரப் பாருங்களேன்" என்று சத்தம் போடுவாள். நான் அந்த ரிப்போர்ட்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டுவேன். "பாரு, நூத்துக்கு நூறு. கவர்மென்ட்டே சொல்லுது." போகப்போக அவள் அந்தப் பேச்சை எடுப்பதையே விட்டுவிட்டாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்த கையோடு அவள் பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மாடி வீட்டு அம்மா திறந்திருந்த கதவு வழியே ஓடி வந்து என் தோளை உலுக்கிக் காதருகே கத்தினார். "இன்னா சார், டீச்சரு அப்பலேர்ந்து கத்திக்கினு கீறாங்க, நீ பேப்பர் படிச்சிக்கினு கீறியே!"

முக்கால் மணி நேரம் கூப்பிட்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் நான் குனிந்து போர்வையை இழுத்துவிடும்போது என் காதோடு சொன்னாள்: "கேட்டும் வரலல்ல நீங்க."

அடக் கடவுளே! அந்தத் தரையில் கிடந்தபோது அப்படித்தான் நினைத்திருக்கிறாள். ரிப்போர்ட் அத்தனையும் பித்தலாட்டம், எனக்கு உன் குரலே கேட்பதில்லை என்று சொல்லி, வார்டில் எல்லாரும் பார்க்க அழுதேன்.

அவள் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மருந்துச் சீட்டைத் திருப்பி, அதன் பின்பக்கம் எழுதிக் காட்டினாள்: 'அப்ப இத்தன வருஷமா நான் பேசுனதுல உங்களுக்கு எவ்வளவு கேட்டுது?'

பேனாவை என் கையில் வைத்தாள்.