எழுபத்திரண்டு இடது கைகள்

காலை ஆறரை மணிக்கு மொட்டை மாடிக் கொடியில் அவள் படுக்கை விரிப்பை உதறிப் போட்டபோது, பக்கத்து வீட்டு டீச்சர் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"என்ன மாஸ்டரக்கா, தினம் ஒரு விரிப்பு காயுது? கைக்குழந்தை ஏதாவது ஒளிச்சு வெச்சிருக்கீங்களா?"

"ஆமா டீச்சர். நாப்பத்தொன்பது வயசுக் குழந்தை."

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பதற்காகச் சொன்னது இல்லை அது என்று அவளுக்கு எப்படித் தெரியும், பாவம்!

நான்கு மாதமாக இதே கூத்துதான். இரவு பத்து மணிக்குப் படுத்தால் அடித்துப் போட்டதுபோலத் தூக்கம் வந்துவிடும். ஆனால் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு, யாரோ நெஞ்சுக்குள் அடுப்பு மூட்டினாற்போல ஒரு சூடு கிளம்பும். கழுத்துக்கு ஏறும், காதுக்கு ஏறும், உச்சந்தலையில் போய் நிற்கும். கண்ணைத் திறப்பதற்குள் முதுகு தொப்பலாக நனைந்திருக்கும். எழுந்து நைட்டியை மாற்றி, ஈரத்தின் மேல் ஒரு துண்டை விரித்துப் படுத்தால் இப்போது குளிரும். போர்த்தினால் வேர்க்கும், விலக்கினால் நடுங்கும். அப்புறம் தூக்கமாவது ஒன்றாவது! பால் வண்டிச் சத்தம் கேட்கும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

மாதவிலக்கு நிற்கப்போகிற வயசு, அதனால்தான் இது என்று அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அதை யாரிடம் போய்ச் சொல்வது?

கணவரிடமா? அவர் பூட்டு ரிப்பேர் செய்பவர். ஊரார் வீட்டுப் பூட்டையெல்லாம் திறக்கிற மனிதர், தன் வாயை மட்டும் திறக்கமாட்டார். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "நீ நிம்மதியாத் தூங்கு," என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு முன்னறைக்குப் போனவர்தான். இருபத்தாறு வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவர்! வேர்த்து நனைகிற பொம்பளை பக்கத்தில் யார்தான் படுப்பார்கள் என்று அவளே பதில் சொல்லிக்கொண்டாள். அவரைக் கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

அவள் வேலை பார்த்தது சட்டை தைக்கும் ஒரு சின்னக் கம்பெனியில். முப்பது மிஷின், நடுவில் நீளமாக ஒரு மேசை. அந்த மேசை அவளுடையது. கட்டிங் மாஸ்டர் என்றால் மீசை வைத்த ஆள் வருவார் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள், கழுத்தில் இஞ்ச் டேப்போடு நிற்கும் இவளைப் பார்த்து ஒரு நிமிடம் விழிப்பார்கள். நூல் வெட்டும் மூலையில் சேர்ந்து, பதினொரு வருஷம் கழித்து அந்த மேசைக்கு வந்தவள் அவள். வந்தும் எட்டு வருஷம் ஆகிவிட்டது.

வேலை இப்படி. அடுக்குக்காரர் துணியை மேசைமேல் எழுபது எண்பது மடிப்பாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்குவார். அவள் மேல்துணியில் அட்டைகளை வைத்து சாக்பீஸால் வரைவாள். பிறகு இடது கையில் இரும்பு வலைக் கையுறையை மாட்டிக்கொண்டு, கரண்டில் ஓடும் கத்தியால் எல்லா மடிப்பையும் ஒரே வெட்டாக வெட்டுவாள். சட்டைக் கைக்கு ஒரே அட்டைதான். இடது கையை வரைந்ததும் அட்டையைக் குப்புறத் திருப்பி வலது கையை வரைய வேண்டும். மறக்காமல் இருக்க, திருப்பும்போதெல்லாம் "திருப்பியாச்சு!" என்று உரக்கச் சொல்வது அவள் பழக்கம். பட்டன் ஓட்டை போடும் காஜாக்காரி தன் மிஷினிலிருந்து, "தோசையா அக்கா?" என்று குரல் கொடுப்பாள். எட்டு வருஷமாக அதே கேலி. எட்டு வருஷமாக எல்லாரும் சிரிக்கிறார்கள்.

போன மாதம் ஒரு காலரில் அரை இஞ்ச் குறைந்துவிட்டது. முதலாளி அன்று கோபப்படக்கூட இல்லை. "மாஸ்டரம்மா, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா மேசைக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன். நீங்க பழையபடி நூல் வெட்டப் போயிடுங்க," என்றார். அன்றிலிருந்து அந்த மூலைப் பக்கம் அவள் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, கை பொருத்தும் டெய்லர் ஒரு சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"மாஸ்டரக்கா, இந்தச் சட்டைக்கு ரெண்டுமே இடது கையா இருக்கே. போடப்போறவருக்கு வலது கை கிடையாதா?"

அவள் சட்டையை வாங்கிப் பார்த்தாள். வெட்டிக் கட்டி வைத்திருந்த கைகளைப் பிரித்தாள். ஒன்று, இரண்டு, பத்து... அத்தனையும் இடது. எழுபத்திரண்டு சட்டைக்கு நூற்று நாற்பத்து நான்கு இடது கைகள். வலது கை என்று ஒன்றுகூட இல்லை.

"நேத்து திருப்பியாச்சுன்னு சொன்னீங்களே அக்கா! நான்கூட தோசையான்னு கேட்டேனே!" என்றாள் காஜாக்காரி.

சொன்னாள்தான். வாய் சொன்னது. கை தூங்கிவிட்டது. நின்றபடியே, கண் திறந்தபடியே தூங்கியிருக்கிறாள்.

துணியோ ஒரு பக்கம் மட்டும் கட்டம் அச்சடித்தது. உள்பக்கம் வெளுப்பு. திருப்பிப் போட்டுத் தைத்துச் சமாளிக்கவும் வழியில்லை. சனிக்கிழமை சரக்கு போக வேண்டும். மில்லில் கேட்டால் புதுத் துணிக்குப் பத்து நாள் என்பார்கள்.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். அவருக்குச் சட்டை விற்கத் தெரியும், வெட்டத் தெரியாது. நேராக அடுக்குக்காரரைப் பார்த்தார்.

"என்னய்யா, துணியை மாத்தி அடுக்கிட்டியா?"

அடுக்குக்காரருக்கு ஐம்பத்தெட்டு வயசு. குனிந்து குனிந்து முதுகே வளைந்துபோனவர். தப்பு துணியில் இல்லை, அட்டையில் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். அவர் அவளை ஒரே ஒரு தடவை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவளும் பேசாமல் இருந்தால் போதும். அவள் மேசை தப்பிவிடும். அந்த வளைந்த முதுகுக்கு நாளை முதல் வேலை இருக்காது, அவ்வளவுதான். முப்பது மிஷினும் நின்றுபோயிருந்தன. அந்த நேரம் பார்த்து, பாழாய்ப்போன அந்தச் சூடு நெஞ்சில் கிளம்பியது. காதுக்கு ஏறியது. நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து கண்ணில் விழுந்தது.

"அவர் இல்ல சார். நான்தான்."

"என்ன?"

"அட்டையைத் திருப்பல. நாலு மாசமா ராத்திரித் தூக்கம் இல்ல சார். உடம்பெல்லாம் கொதிக்குது, வேர்த்துக் கொட்டுது. விலக்கு நிக்கிற நேரம். பகல்ல நின்னுகிட்டே கண் சொருகுது." அத்தனை ஆண்களுக்கு நடுவில் அதைச் சொல்லிவிட்டாள். அடுக்குக்காரர் பக்கம் கையைக் காட்டினாள். "அண்ணாவை ஒண்ணும் சொல்லாதீங்க."

முதலாளி கைக்குட்டையை எடுத்துத் தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வேர்த்தது அவளுக்கு, துடைத்தது அவர்.

"சரி, இந்தக் கைகளை என்ன பண்றது? சொல்லுங்க," என்றார்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கண் தானாகவே மேசையை அளந்தது. வெட்டியது பெரிய சைஸ். அதே கட்டத்தில் சின்ன சைஸ் சட்டை எழுபத்திரண்டு இன்னும் வெட்டவில்லை, துணி அப்படியே இருக்கிறது. இடது கைக்கும் வலது கைக்கும் வித்தியாசம் தோள் வளைவில்தானே? பெரிய இடது கையின் வளைவைச் செதுக்கினால் அதற்குள்ளிருந்து ஒரு சின்ன வலது கை வரும். சின்ன சைஸ் துணியில் அதனால் மிச்சமாகும் இடத்தில் பெரிய வலது கையை வெட்டிக்கொள்ளலாம். ஒரு விரல் அகலம் இடிக்கும். பாக்கெட் அட்டையை நகர்த்தினால் சரியாகிவிடும்.

"மிஷின் கத்தி ஆகாது. ஒவ்வொண்ணா கத்திரிக்கோலால செதுக்கணும். நான் செதுக்கித் தர்றேன்," என்றாள்.

"செதுக்குங்க. ஆனா தூக்கமில்லாத கையில இனிமே கத்தியைக் குடுக்கமாட்டேன் மாஸ்டரம்மா. விரல் போயிடும். என் கூடப் பிறந்தவளா இருந்தாலும் குடுக்கமாட்டேன். வரையறது நீங்க, வெட்டறது அடுக்குக்காரரு. முதல்ல டாக்டரைப் பாருங்க. கத்தியை அப்புறம் பேசிக்கலாம்."

மேசை போகவில்லை. பாதி போயிற்று. அழ வேண்டும் போலிருந்தது. அழுவதற்குக்கூட அலுப்பாக இருந்தது. எழுபத்திரண்டு கைகளைச் செதுக்க இரண்டு பகல் ஆயிற்று. கட்டைவிரலில் கொப்புளம் வந்தது. அடுக்குக்காரர் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு கையாக நீவிக் கொடுத்தார். நன்றி என்று அவரும் சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. டீ வந்தபோது மட்டும் தன் டம்ளர் டீயை ஆற்றி அவள் பக்கம் நகர்த்தினார். "சூடு ஆகாது இல்ல உங்களுக்கு," என்றார்.

வியாழக்கிழமை மாலை லேடி டாக்டரைப் பார்த்தாள். அந்தம்மா ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தாள். "வர்ற வயசுதான். அதுக்காகப் பல்லைக் கடிச்சுகிட்டுக் கிடக்கணும்னு யாரு சொன்னா? ரிப்போர்ட் வரட்டும், என்ன மருந்துன்னு பார்ப்போம். இதைச் சொல்றதுக்கு நாலு மாசமா?" என்றாள்.

வீட்டுக்கு வந்து, எல்லாம் எழுதியிருந்த டாக்டர் சீட்டை மேசைமேல் வைத்தாள். கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தடவை படித்தார்.

"இதனாலயா நீ தூங்கல?"

"பின்ன?"

"நான் குறட்டை விடறதாலன்னு இல்ல நெனச்சேன்! அதுக்குத்தானே முன்னறைக்குப் போனேன். அந்த சோபாவுல படுத்து என் இடுப்பே போச்சு!"

அவள் அவரையே பார்த்தாள். சிரிப்பு வந்தது. பாதியில் அது அழுகையாகிவிட்டது. இரண்டு மாதம்! ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், ஒருவருக்காக ஒருவர் கண் விழித்துக் கிடந்த இரண்டு மாதம்!

"வாயைத் திறந்து சொன்னா என்னவாம்?" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"நீ மட்டும் சொன்னியாக்கும்!"

அன்று இரவு தலையணை திரும்பி வந்தது. அவளுக்காக ஃபேன் முழு வேகத்தில் சுற்ற, அவர் காதை மூடிக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு படுத்தார். பார்க்கச் சகிக்கவில்லை. இரண்டு பத்துக்கு அடுப்பு மூண்டது. அவள் எழுந்து உட்கார்ந்ததும், தொப்பிக்குள்ளிருந்து கண்ணைத் திறக்காமலேயே ஒரு கை காய்ந்த துண்டை நீட்டியது. நான்கு மணிவரை தூக்கம் வரவில்லை. குறட்டையைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

சனிக்கிழமை சரக்கு போயிற்று. திங்கட்கிழமை அடுத்த ஆர்டரின் துணி மேசைக்கு வந்தது. அவள் இடது கையை வரைந்தாள். அட்டையைத் தூக்கினாள்.

"திருப்பியாச்சு!"

கத்தியோடு நின்ற அடுக்குக்காரர் குனிந்து அட்டையைத் தொட்டுப் பார்த்தார். "ஆமா, திருப்பியாச்சு," என்றார். இது அவர்கள் போட்டுக்கொண்ட புது ஏற்பாடு.

"தோசை வெந்துச்சா அக்கா?" என்றாள் காஜாக்காரி. ஒரு வாரமாக அவள் அந்தக் கேலியை எடுக்கவே இல்லை.

"ஒரு பக்கம்."

ஆணியில் அவளுடைய இரும்பு வலைக் கையுறை தொங்கியது. அடுக்குக்காரரின் பெரிய விரல்கள் அதற்குள் போகாததால் அவருக்கு வேறு வாங்கியிருந்தார்கள். இதை எடுத்து உள்ளே வைக்கவா என்று அவர் கேட்டார்.

"இருக்கட்டும் அண்ணா," என்றாள். கொட்டாவி வந்தது. சாக்பீஸ் பிடித்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு, அடுத்த அட்டையை எடுத்தாள்.