நாற்பத்தாறு அடியில் ஒரு மரம்

மலாயாவில் அவசரகாலத்தின் மூன்றாம் ஆண்டு. காலை ஆறரைக்குக் கோலாலம்பூரில் ரயில் ஏறினேன். ரவாங் வரை இருபது மைல். மூன்றாம் வகுப்பு, அறுபது காசு. பையில் அளவு நாடா, சுண்ணாம்பு டின், தூரிகை, ஒரு வெப்பமானி. மடியில் சுருட்டிய பிளான்.

அந்தப் பிளானை வரைந்தவன் நான்தான். கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பர் மரங்களுக்கிடையே சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களை, காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று ஒரே முள்வேலிக்குள் கொண்டுவந்த பிளான். இடத்தை நான் பார்த்ததே இல்லை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஸ்கேலை வைத்து இழுத்தேன். மேலதிகாரி நேர்த்தி என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

இப்போது இரண்டு வேலைகள். வீடுகள் வேகின்றன என்று தோட்டத்திலிருந்து புகார். அதைப் பார்க்க வேண்டும். வேலியோரம் யாரும் மறைந்து நிற்காதபடி, ஐம்பது அடிக்குள் மிஞ்சிய மரங்களுக்கு வெள்ளை வளையம் போட வேண்டும். வளையம் போட்டதை மறுநாள் வெட்டுவார்கள்.

8.15. ரவாங்கில் தோட்டத்து லோரி காத்திருந்தது. ஓட்டுநர் மரியதாஸ் வாய் ஓயாதவர். பத்தாங் பெர்ஜுந்தாய் தாண்டியதும், "பழைய லயத்துல விடியக்காலம் கம்பளி தேடுவோங்க. இப்ப தகரம் லா. எங்கள வேக வைக்கிறதுக்கு வெறகே வேணாம்" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

10.20. ரப்பர் நிழலில் லோரியை நிறுத்தச் சொல்லி வெப்பமானியைப் பார்த்தேன். எண்பத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட்.

11.45. வேலிக்குள் நுழைந்தோம். புல் பூண்டு இல்லாத செம்மண். என் நேர்கோடுகள் தகரக் கூரைகளாக ஒட்டி ஒட்டி நின்றன. ஒரு வீட்டுக்குள் வெப்பமானி தொண்ணூற்றொன்பது காட்டியது. வெளியே வந்து நின்றபோதுதான் உறைத்தது. அங்கே கடற்காற்று மேற்கிலிருந்து வருகிறது. முதல் வரிசையின் நீளச் சுவர் அதை அப்படியே மறித்துவிட்டது. பின்னால் இருந்த ஐந்து வரிசைகளுக்கும் காற்றே இல்லை. வரிசைகளைக் கிழக்கு மேற்காகத் திருப்பியிருந்தால் போதும். வரைந்தபோது காற்று எனக்கு நினைவிலேயே வரவில்லை. படித்த முட்டாள் என்பார்களே, அது நான்தான்.

உள்ளே மிஞ்சியிருந்தது ஒரே ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் கிளைகளில் பதினொரு தூளிகள் தொங்கின. ரப்பர்ப் பால் வெட்டப் போகும் பெண்கள் விட்டுப்போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா அஞ்சலை, நாற்பது வயதிருக்கும், ஒவ்வொன்றாக ஆட்டிக்கொண்டிருந்தார்.

"பிள்ளைகளுக்குக் கொட்டகை இருக்கிறதே?" என்றேன்.

"பத்து மணிக்கு மேல அதுக்குள்ள புள்ளைங்க துடிச்சுப் போவுதுங்க ஐயா. இந்த எடத்துக்குக் கோடு போட்டவரு வெயில்ல நின்ன ஆளா இருக்க மாட்டாரு."

கோபமில்லாமல்தான் சொன்னார். நாடாவை எடுத்தேன்.

வேலியிலிருந்து மரம் நாற்பத்தாறு அடி. மறுபடியும் அளந்தேன். நாற்பத்தாறுதான். நாடாவைத் தொய்வாகப் பிடித்து ஐம்பத்தொன்று என்று எழுதியிருக்கலாம். யாரும் திரும்ப அளக்கப் போவதில்லை. ஆனால் அது யார்மீதும் சந்தேகம் விழும் காலம். வேலை போய்விடுமே என்று பயந்தேன். சுண்ணாம்பைக் குழைத்து வளையம் போட்டேன்.

திரும்பினால் அஞ்சலை ஒரு சொம்புத் தண்ணீருடன் நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"வெதைக்கு நிறுத்துற மரத்துக்குத்தான் எங்க தோட்டத்துல வெள்ளப் பட்டை போடுவாங்க. இனிமே இதுல யாரும் கை வைக்க மாட்டாங்க. நீங்க நல்லா இருக்கணும் ஐயா."

உண்மைதான். தோட்டத்தில் வெட்டுகிற மரத்துக்கு யாரும் சுண்ணாம்பைச் செலவழிப்பதில்லை. அது எங்கள் அலுவலக வழக்கம். சொல்லியிருக்க வேண்டும். தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன்.

1.30. லோரி கிளம்பியது. மரியதாஸ் ஏதோ கேட்டுக்கொண்டே வந்தார்; நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

மாலை 6.40. கோலாலம்பூரில் எங்கள் குவார்ட்டர்ஸ் தெருவில் இரு பக்கமும் அதே தூங்குமூஞ்சி மரங்கள். தெருவுக்குள் திரும்பியதுமே உடம்பு குளிர்ந்தது. மனைவி வழக்கம்போல் என் நாற்காலியை மரத்தடியில் போட்டிருந்தாள். உள்ளேயே இருக்கிறேன் என்றேன்.

மறுநாள் கோடரியோடு ஆட்கள் வந்து, தூளிகளை அவிழ்க்கச் சொன்னபோது, தண்ணீர் கொடுத்தது யாருக்கு என்று அஞ்சலைக்குத் தெரிந்திருக்கும்.