நற்சாட்சி சொல்லப் போன பெரியவர்கள்

வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் தெரு காலியாகிவிடும். கடைக்காரர்கள் பலகையைச் சாத்திவிட்டு ஜும்ஆவுக்குப் போய்விடுவார்கள். பினாங்கில் உள்ள திருடர் அத்தனை பேருக்கும் இது தெரியும். தொழுதுவிட்டு வந்து பார்த்தால் ஏதாவது ஒரு கடையில் துணி மூட்டை போயிருக்கும்.

ஒரு நாள் போலீஸ் இன்ஸ்பெக்டர், வெள்ளைக்காரர், தெருப் பெரியவர்களை ஸ்டேஷனுக்கு அழைத்தார். நீங்கள் காவலுக்கு ஆள் கொடுங்கள், நாங்கள் ஊதல் கொடுக்கிறோம், ஊதினால் ஓடி வருகிறோம் என்றார். துரையே கை குலுக்கினார் என்று பல நாள் அதே பேச்சு. ஆனால் காவலுக்கு அவர்கள் வீட்டுப் பிள்ளை ஒருவன்கூடக் கிடைக்கவில்லை. வாப்பா இல்லாத வீடு என்று என் அண்ணன்தான் கிடைத்தான்.

அவனுக்கு அதில் பெருமை வேறு. ஜும்ஆவை விட்டுவிட்டு அடுத்தவன் துணியைக் காக்க வேண்டும் என்று உனக்கென்ன தலையெழுத்தா என்று கேட்டேன். சிரித்தான். எனக்கு எரிந்தது.

மழை தூறிய ஒரு வெள்ளிக்கிழமை ஊதல் சத்தம் கேட்டு மாடி ஜன்னலுக்கு ஓடினேன். இரண்டு பேர் மூட்டைகளோடு ஓடினார்கள். அண்ணன் துரத்தினான். ஒருவன் முனையில் மூட்டையைப் போட்டுவிட்டு மறைந்தான். அதைத் தூக்கிக்கொண்டு அண்ணன் திரும்பி வரும்போதுதான் மாத்தா மாத்தா என்று நாங்கள் சொல்லும் போலீஸ்காரன் வந்து சேர்ந்தான். ஆளில்லாத தெரு, கையில் மூட்டை. ஊதியதே நான்தான் என்று அண்ணன் சொன்னது அவன் காதில் ஏறவில்லை; ஸ்டேஷனுக்குப் பிடித்துக்கொண்டு போனான். துணி பறிகொடுத்த கடைக்காரரோ, இன்னொரு மூட்டை எங்கே போயிற்று, இவனுக்கும் அதில் பங்குண்டா என்று எனக்கென்ன தெரியும் என்று நழுவிக்கொண்டார்.

நான் கண்ணால் பார்த்தேன், வந்து சொல்கிறேன் என்றேன். பெண்பிள்ளை ஸ்டேஷன் படி ஏறுவதா என்று பெரியவர்கள் அடக்கிவிட்டார்கள். நற்சாட்சி சொல்ல அவர்களே போனார்கள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவனை நல்லவன் என்று சொல்ல வேண்டுமானால் அவன் நடத்தையைச் சொல்லமாட்டார்கள்; பூர்வீக ஊரையும் பாட்டனையும் சொல்வார்கள். இங்கேயே பிறந்தவன் என்று சபையில் சொன்னால் அது வேரில்லாதவன் என்று இழிவுபடுத்துவது. ஆகவே தலைப்பாகை கட்டிக்கொண்டு போய், காரைக்கால்காரன், நல்ல குடும்பம், பாட்டன் காலத்திலிருந்து தெரியும் என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். துரை பொறுமையாகக் கேட்டாராம். வேலை முடிந்தது என்று திரும்பி வந்து தேத்தண்ணீர் குடித்தார்கள்.

முடிந்துதான் போயிற்று. பினாங்கு இங்கிலீஷ்காரன் மண், காரைக்கால் பிரெஞ்சுக்காரன் மண். அப்படியானால் என் அண்ணன் அந்நிய நாட்டான். அந்நியனை நாடு கடத்தக் குற்றத்தை நிரூபிக்கத் தேவையில்லை, மேலிடத்து உத்தரவு போதும். வந்தது உத்தரவு. அண்ணன் காரைக்காலைக் கனவில்கூடக் கண்டதில்லை. அவன் பார்த்த வெளியூர் எதிர்க்கரையில் இருக்கும் பத்துக்காவான் தோட்டம் ஒன்றுதான்.

பெரியவர்கள் மறுபடி ஓடினார்கள். அவன் இங்கே பிறந்தவன் என்று இப்போது சொன்னார்கள். அப்படியானால் அன்று சொன்னது பொய்யா என்று துரை கேட்டாராம். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்துவிட்டார்கள். கை குலுக்கிய துரையின் முன்னால் பொய்யராக ஒருவருக்கும் மனம் வரவில்லை. என் அண்ணனுடைய வாழ்வைவிட அவர்களுக்கு அந்தக் கை பெரிதாக இருந்தது. இதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை.

கப்பல் போன மறுநாள், பெரியவர்களில் மூத்தவர் ஆறுதல் சொல்ல வீட்டுக்கு வந்தார். உம்மா திரைக்குப் பின்னால் இருந்தார்.

“சொந்த ஊருக்குத்தானே போறான் தங்கச்சி, கவலைப்படாதீங்க” என்றார்.

அந்நிய ஆணிடம் உம்மா அதுவரை பேசியதில்லை. அன்று திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

“இந்த மாடியிலதான் அவனைப் பெத்தேன். ஒங்க பொஞ்சாதிதான் பக்கத்துல வெளக்கு புடிச்சிக்கிட்டு நின்னாங்க. நீங்க கீழ ஒக்காந்திருந்தீங்க.”