இடது கையில் மூக்கு, வலது கையில் இறக்கை

விமானத்தின் மூக்கை இடது கையால் தூக்குவதா வலது கையால் தூக்குவதா என்பதற்காக ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு நின்றுபோகும் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். 'உப்பு வேணுமான்னு உங்க அண்ணனைக் கேளு', 'போதும்னு உங்க அண்ணிகிட்ட சொல்லு' என்று ஒரே சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேருக்கும் நடுவில் தூது போனவள் நான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணி ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். நாத்தனார் என்ற முறையில் அவளைக் குறை சொல்ல எனக்கு உரிமை உண்டு. அதை ஒரு நாளும் நான் விட்டுக்கொடுத்ததில்லை. துணி மடித்தால் ஓரத்துக்கு ஓரம் ஒட்ட வேண்டும் அவளுக்கு. வாசலில் செருப்பெல்லாம் கோடு போட்ட மாதிரி நிற்க வேண்டும். நான் காயப்போட்ட துண்டை எடுத்து மறுபடி நேராகப் போடுவாள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வேறு எவனாவது அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசட்டும், அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டுக்கு முன்னாலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுபவர் தடுமாறினால் சொல்லிக்கொடுப்பவர் மிதிப்பதற்காக. மற்ற வாத்தியார்கள் தெருமுனைக்குள்ளேயே அதை மிதித்துத் தேய்த்துவிடுவார்கள். அண்ணி மிதிக்க மாட்டாள். நானும் அவளிடம்தான் ஓட்டக் கற்றேன். முதல் வாரத்தில் ஒரு குப்பைத்தொட்டியைக் குறிவைத்த மாதிரி நேராகப் போனேன். "அண்ணி, மிதிங்க, மிதிங்க" என்று கத்தினேன். "உனக்கும் கால் இருக்குல்ல?" என்றாள். தொட்டிக்கு ஒரு சாண் இருக்கும்போது நானே நிறுத்தினேன். அவள் கால் பிரேக்கின் மேலேயே இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். "இதை மிதிக்கிறது எந்த முட்டாளுக்கும் வரும். மிதிக்காம உட்கார்ந்திருக்கத்தான் எனக்குச் சம்பளம்" என்றாள்.

அண்ணன் ஃப்ரிட்ஜ், ஏசி மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமையானால் மாடல் விமானம் பறக்கவிடும் கிளப். ஊருக்கு வெளியே, மூடிப்போன செங்கல் சூளைக்குப் பக்கத்தில் புல்லை வெட்டிச் சமன் செய்த மைதானம். மாடல் என்றதும் பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள், இறக்கை ஓர் ஆள் நீளம் இருக்கும். எங்கள் வீட்டில் ஓர் அறையே அதற்குப் போய்விட்டது. கட்டிலில் இறக்கை படுத்திருக்கும், விருந்தாளி வந்தால் தரையில் படுக்க வேண்டும். அண்ணி ஆரம்பத்தில் ஃபிளாஸ்க்கோடு கூடப் போய் உட்கார்ந்திருந்தவள்தான். "மேடம், டீ இருக்கா?" என்பதைத் தவிர அங்கே அவளிடம் யாரும் எதுவும் பேசியதில்லை. ஒரு நாள் அண்ணனுடைய விமானம் மேலேறி, கவிழ்ந்து, கீழே வந்து ஒரு வட்டம் போட்டு முடித்ததும் அவளாகவே கேட்டாள், "அந்த வட்டம் ஏங்க கோணலா முடியுது?" என்று. "அது அப்படித்தாம்மா வரும்" என்றான் அண்ணன். அப்படித்தான் வரும் என்ற பதிலை அண்ணி எந்தக் காலத்திலும் ஒத்துக்கொண்டதில்லை. அடுத்த மாதமே அவளுக்கென்று ஒரு விமானமும் பெட்டியும் வந்துவிட்டன.

பெட்டி என்பது கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ரிமோட். அதில் இரண்டு ஸ்டிக். ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் தள்ளலாம், இடமும் வலமும் தள்ளலாம், ஆக நாலு வேலை. மூக்கை ஏற்றி இறக்குவது, இறக்கையைச் சாய்ப்பது, வாலைத் திருப்புவது, மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது. எந்த வேலை எந்தக் கைக்கு என்பதில்தான் வம்பு. எங்கள் கிளப்பில் எல்லாருக்கும் மோட் டூ: மூக்கும் இறக்கையும் வலது கையில், வாலும் வேகமும் இடது கையில். அண்ணி கம்ப்யூட்டரில் பழகும் விளையாட்டைப் போட்டுக்கொண்டு, துணி துவைக்கும் மெஷின் ஓடும் நேரமெல்லாம் இரண்டு விதமாகவும் மாற்றி மாற்றிப் பறந்து பார்த்தாள். கடைசியில் மோட் ஒன் என்று முடிவு செய்தாள். மூக்கும் வாலும் இடது கையில், இறக்கையும் வேகமும் வலது கையில்.

"கட்டைவிரலைப் பின்னால இழுத்துப் பாரு" என்றாள் என்னிடம். "நேரா வராது, வளைஞ்சுதான் வரும். மூக்கைத் தூக்கும்போதே இறக்கையும் துளி சாயும். அங்கதான் வட்டம் கோணலாகுது. ரெண்டையும் ரெண்டு கைக்குப் பிரிச்சுட்டா ஒண்ணுல ஒண்ணு கலக்காது."

"அப்ப வால் வந்து கலக்குமே?" என்று அண்ணன் குறுக்கே வந்தான்.

"கலக்கும்ங்க. அதை என்னால சமாளிக்க முடியுது. இதை முடியல."

இரண்டு விதத்திலும் பறந்து ஜெயித்தவர்கள் உலகத்தில் உண்டு, அதையும் அவளே சொன்னாள். தன் கைக்கு எது பொருந்தும் என்பதுதான் அவள் கேள்வி. மறுநாள் அண்ணன் வேலை முடிந்து வந்தபோது பெட்டியின் பின்மூடி சாப்பாட்டு மேஜையில் கிடந்தது, குட்டி ஸ்க்ரூவெல்லாம் ஒரு பாட்டில் மூடிக்குள். வேகத்துக்கான ஸ்டிக் மட்டும் விட்ட இடத்தில் நிற்க வேண்டும், அதற்கு ஸ்பிரிங் ஆகாது. வலது பக்கத்து ஸ்பிரிங்கைக் கழற்றி இடது பக்கம் மாட்டிக்கொண்டிருந்தாள் அண்ணி.

"என்ன பண்ற?"

"என் பெட்டி. என் கைக்கு மாத்துறேன்."

கிளப்பில் இது வெடித்தது. அங்கே தலைவர் ஒரு பல் டாக்டர். ஆள் நல்லவர்தான், ஆனால் எதிரில் இருப்பவரெல்லாம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார்கள் என்ற பழக்கம் அவருக்கு. "எல்லாரும் ஒரே மோட்லதான் இருக்கணும் மேடம். ஒருத்தருக்கு மயக்கம் வந்துடுச்சு, கண்ணு கூசிடுச்சுன்னு வைங்க, பக்கத்துல நிக்கிறவர் பெட்டியை வாங்கி விமானத்தைக் காப்பாத்தணும். உங்க பெட்டியை யார் வாங்க முடியும்?"

"யாரும் வாங்க வேண்டாம் டாக்டர்" என்றாள் அண்ணி.

கிளப்பில் பாதுகாப்புப் பொறுப்பு யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? எங்கள் அண்ணனுக்கேதான். ஊருக்கெல்லாம் விதி சொல்கிறவன் வீட்டில் செல்லாக்காசு என்று நாலு பேர் சிரித்திருக்கிறார்கள். அதுதான் அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. "எனக்காக மாத்திக்கோயேன்" என்று கெஞ்சினான். அப்புறம் கத்தினான். அப்புறம் பேச்சை நிறுத்தினான், அவளும் நிறுத்தினாள், நான் உப்பு கேட்கப் போனேன்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே கிளப்புகளுக்கிடையே போட்டி வந்தது. கரணங்களைத் துல்லியமாகப் போட்டுக் காட்டும் பிரிவுக்கு ஒவ்வொரு கிளப்பும் ஓர் ஆளைத்தான் அனுப்பலாம், அது யார் என்று கிளப்புக்குள் ஒரு தேர்வு வைத்து முடிவு செய்வார்கள். அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், "அது எனக்கு வேணும்" என்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு புடவைகூட இது வேண்டும் என்று அவள் கேட்டு நான் பார்த்ததில்லை. பல் டாக்டரிடம் நானும் கூடப் போய்த் தொண்டை கட்டும்வரை வாதாடினேன். கடைசியில் ஒரு வழிக்கு வந்தார்: தேர்வு நடக்கும் நாளில் மட்டும் அவள் மோடிலேயே பறக்கலாம். அன்றைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் அதற்குப் பிறகு மோட் டூவுக்கு மாறிவிட வேண்டும், மாற மாட்டேன் என்றால் மைதானப் பக்கமே வரக்கூடாது. "சரி" என்றாள் அண்ணி. யோசிக்கக்கூட இல்லை.

தேர்வுக்கு நின்றவர்கள் இரண்டே பேர், அண்ணனும் அண்ணியும். மார்க் போட பல் டாக்டரும், ஃபோட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பறப்பவருக்குப் பின்னால் நின்று அடுத்தது என்ன என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அண்ணிக்கு நான். "உன் வாய் சும்மா இருக்காது, அதுக்கு ஒரு வேலை கொடுத்த மாதிரி இருக்கட்டும்" என்றுதான் என்னைச் சேர்த்துக்கொண்டாள்.

அண்ணன் முதலில் பறந்தான், நன்றாகவே பறந்தான். பிறகு அண்ணி. வட்டம், தலைகீழ் ஓட்டம், மெதுவான உருளல் எல்லாம் துணி மடித்த மாதிரி ஓரத்துக்கு ஓரம் ஒட்டின. ஸ்டுடியோக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தது சுழல். விமானத்தை மேலே கொண்டுபோய், வேகத்தை முழுசாக எடுத்துவிட்டு, மூக்கைத் தூக்கிப் பிடித்து, அது தாங்காமல் விழும்போது சுற்ற விட வேண்டும். பார்ப்பதற்கு அசல் விபத்து மாதிரியே இருக்கும். சொன்ன சுற்று முடிந்ததும் டக்கென்று நிறுத்தி நேராக இறக்க வேண்டும்.

"சுழல், இப்ப" என்றேன்.

விமானம் சரியாகச் சூரியனுக்குப் பக்கத்தில் இருந்தது. அண்ணி கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் போட்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டிருந்தாள். இதற்கென்றே வாரக்கணக்கில் பழகியிருந்தாள். பக்கத்தில் நின்ற அண்ணன் போட்டிருந்தது சாதாரணக் கண்ணாடி. விமானம் அவன் கண்ணிலிருந்து மறைந்தது. தன் கண்ணுக்குத் தெரியாதது அவள் கண்ணுக்கும் தெரியாது என்று நினைத்துவிட்டான். "போச்சு, போச்சு" என்று பாய்ந்து, அவள் தோளுக்கு மேலே கையைப் போட்டு, வலது ஸ்டிக்கைப் பிடித்து இழுத்தான்.

அவனைப் பொறுத்தவரை அது மூக்கைத் தூக்கும் ஸ்டிக். அவள் பெட்டியில் அது வேகம். வேகம் ஏற்கெனவே அடியில்தான் கிடந்தது, இழுத்து என்ன ஆகப்போகிறது? இழுத்த இழுப்பில் இறக்கை மட்டும் வேறு பக்கம் புரண்டு, சுழல் கோணலாகிக் கலைந்தது.

"கையை எடுங்க" என்றாள் அண்ணி. கத்தவில்லை. இடது கையால் மூக்கைத் தூக்கி, விழுந்துகொண்டிருந்ததை மட்டத்துக்குக் கொண்டுவந்தாள். ஆனால் வேகம் அண்ணனுடைய பிடியில் மாட்டிக்கொண்டிருந்தது. மோட்டார் இல்லாமல் விமானம் முள்புதர் உரசும் உயரத்தில் மிதந்து போயிற்று. நான் கரணங்களின் வரிசை எழுதி வைத்திருந்த அட்டையைக் கீழே போட்டுவிட்டு அவன் முழங்கையைப் பிடித்து ரத்தம் கட்டுகிற அளவுக்குக் கிள்ளினேன். விட்டான். அண்ணி வேகத்தைக் கூட்டி, ஒரு சுற்றுச் சுற்றி, விமானத்தைக் கொண்டுவந்து இறக்கினாள்.

பல் டாக்டர் எழுந்து வந்தார். "பார்த்தீங்களா மேடம்? இதுக்குத்தான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். மோட் டூவா இருந்திருந்தா அவர் காப்பாத்தியிருப்பார்."

"எதைக் காப்பாத்தியிருப்பார்?" என்றாள் அண்ணி. "அங்க காப்பாத்த வேண்டியது என்ன நடந்துச்சு? சுழல்ல இருக்கிறப்ப மூக்கைப் பிடிச்சுத் தூக்கினா அது சுத்திக்கிட்டேதான் இருக்கும், உங்களுக்குத் தெரியாததா? மோட் டூவா இருந்திருந்தா இந்நேரம் துண்டு பொறுக்கிட்டு இருந்திருப்போம். எனக்கு மறுபறப்பு கொடுங்க. வெளியாள் குறுக்கிட்டு ஒரு பறப்பு கெட்டுப்போனா மறுபடி பறக்கலாம்னு விதி இருக்கு."

"வெளியாளா? அவர் உங்க வீட்டுக்காரர் மேடம்."

"வீட்டுக்குத்தான் வீட்டுக்காரர். என் பெட்டிக்கு வெளியாள்."

பல் டாக்டர் தர்மசங்கடமாக அண்ணனைப் பார்த்தார். விதிப்படி தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் பாதுகாப்புப் பொறுப்பாளன்தானே. கெட்டுப்போன பறப்பு கெட்டதாகவே போகட்டும் என்று விட்டால் போட்டிக்குப் போகப்போகிறவனும் அவன்தான். எனக்கு அவன் மேல் அப்படி ஒரு ஆத்திரம். வாய் வரைக்கும் வந்ததை, அண்ணி என் கையை அழுத்தியதால் விழுங்கினேன்.

அண்ணன் கிள்ளுப்பட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டே நின்றான். "வெளியாள்தான்" என்றான் கடைசியில். "மறுபறப்பு கொடுங்க."

பேட்டரி மாற்றினோம். அண்ணி பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அண்ணனிடம், "நீங்க அங்க போய் உட்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவனிடம் அவள் நேரடியாகப் பேசியது அதுதான். போய் உட்கார்ந்தான்.

மறுபடி முதலிலிருந்து. வட்டம், தலைகீழ் ஓட்டம், உருளல். சுழல் வந்தபோது விமானத்தைப் பார்த்தவர்களைவிட அண்ணனைப் பார்த்தவர்கள்தான் அதிகம். இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்திருந்தான். விமானம் விழுந்தது, சுற்றியது, நின்றது, ஒரு நூல் பிசகாமல் நேராக இறங்கியது. இடது கட்டைவிரலின் ஓர் இழுப்பில் மூக்கு எழும்பி, இறக்கை துளி சாயாமல் போயிற்று. அடுத்தது என்ன என்று சொல்ல வேண்டியவள் நான், ஒரு நிமிஷம் வாயே வரவில்லை. "அடுத்து என்னடி?" என்று அண்ணிதான் அதட்டினாள்.

மார்க்கைக் கூட்டிப் பார்த்து ஸ்டுடியோக்காரர் அண்ணி பெயரைச் சொன்னார். பல் டாக்டர் தொண்டையைச் செருமி, "போட்டிக்கு எந்த மோட்ல..." என்று இழுத்தார். அண்ணி பார்த்த பார்வையில், "சரி, உங்க மோட்லயே போங்க" என்று அவரே முடித்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றும்போது அண்ணன் அவள் பக்கத்தில் வந்து நின்றான். "நிஜமாவே போயிடுச்சுன்னு பயந்துட்டேன்" என்றான்.

"பயந்துக்கங்க, யார் வேண்டாம்னா?" என்று அண்ணி இறக்கையின் ஒரு முனையை அவனிடம் பிடிக்கக் கொடுத்தாள். "கையை மட்டும் உங்ககிட்டயே வச்சுக்கங்க."